உம்மா தின்ற சோறு

கல்முனைக் கடையொன்றில் வெயிலில் காய்ந்த புதுத் தகரத்தின் வாசம் மூக்கில் ஏறியபோது, இன்று இல்லாத அந்த முகாம் நினைவுக்கு வந்தது. சுனாமியில் சாய்ந்தமருதுக் கடற்கரை வீட்டையும் வாப்பாவையும் இழந்தபின், உம்மாவும் நானும் மூன்று வயதுத் தங்கை ரிஹானாவும் இரண்டு வருடம் அங்கேதான் தகரக் கொட்டிலொன்றில் இருந்தோம். வெயில் ஏற ஏறத் தகரம் முறுகிச் சத்தமிடும், குழாயடியில் வாளிகள் உருளும், உம்மாவோ வாசலில் கன்னத்தில் கைவைத்து மணலைப் பார்த்தபடியே இருப்பார், சோறு வைத்தால் "பசிக்கல்ல" என்று கோப்பையைத் தள்ளிவிடுவார்.

சில நாட்களில் ரிஹானாவும் பக்கத்தில் அதேபோல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "பசிக்கல்ல" என்று அவளும் கோப்பையைத் தள்ளினாள். கைகள் குச்சியாகிக்கொண்டு வந்தன.

ஒரு மத்தியானம் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "ராத்தா, புள்ளைய ஒருக்காப் பாருங்க. உங்களப் பாத்துத்தான் இப்பிடி இருக்குது."

உம்மா வெகுநேரம் ரிஹானாவைப் பார்த்தார். பிறகு கோப்பையை இழுத்து, ஒரு பிடி சோற்றை வாயில் போட்டு மெல்ல மென்றார். அந்த வாயையே பார்த்திருந்த ரிஹானா தானும் ஒரு பிடி அள்ளினாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் உம்மா எங்கள் முன்னால் இருந்து தின்றார். தேறிவிட்டார் என்றே நான் நம்பினேன்.

எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் கேட்டேன்.

"அப்ப உங்களுக்குப் பசிச்சதா உம்மா?"

"பசி எங்க, மகள்? முகாம விட்டு வாற வரைக்கும் சோத்துட ருசியே தெரியல்ல. நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தீங்களே, அதுக்காகத்தான் திண்டன்."