முனியாண்டியின் கால் வீக்கம்

மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று வந்த முனியாண்டியைக் குடிகாரன் ஆக்கியவன் நான். அப்போது மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்துவந்தேன்.

"கசிப்புச் சாராயத்த விடுப்பா, வீக்கம் தானா வத்திரும்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நான் குடிக்கிறதே இல்லீங்க ஐயா."

நான் நம்பவில்லை. அந்த மழைக்காலத்திலேயே அவர் இறந்தார். குடித்தே செத்தான் என்றது தொழிலாளர் குடியிருந்த லயம்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, அவர் மகள் செல்வி என்னைத் தேடி வந்தாள். அதே மூச்சிரைப்பு, அதே வீக்கம். இம்முறை பதுளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் பார்த்த டொக்டர், பிறவியிலேயே இதயத் தசை இறுகாமல் பஞ்சுபோல் இருக்கிறது, அரிய நோய், பரம்பரையாகவும் வரலாம் என்றார்.

"வீட்டில வேற யாருக்காவது இப்படி இருந்திச்சா?"

செல்வி தலைகுனிந்தாள். "அப்பாவுக்கு வீங்குச்சுங்க. ஆனா அது கசிப்பால வந்தது."

"இல்லை டொக்டர், அவர் குடிப்பதில்லை என்றுதான் சொன்னார். கசிப்பு என்றது நான்தான்" என்றேன்.

அவள் தம்பியையும் ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். அவனுக்கும் அந்த நோய் இருந்தது. இப்போது மாத்திரை எடுக்கிறான். லயத்திலும் போய் என் தவறைச் சொன்னேன்.

செல்வி என்னைத் திட்டவில்லை. "அப்பா சாமி மேல சத்தியம் பண்ணாரு. நானும் நம்பலீங்களே ஐயா" என்று அழுதாள்.

அவள் நம்பாமல் போனதும் என்னால்தான்.