அடுத்த நிறுத்தம் பெரம்பலூர்

அரியலூரில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னறையில் ஒரு ரவுட்டர் இருந்தது. அதன் ஜோடி பெரம்பலூரில். எங்கள் கடையிலிருந்து எது வெளியே போனாலும் அந்த ஜோடியைத் தாண்டித்தான் போகவேண்டும். பள்ளிப்படிப்போடு நின்ற எனக்கு விளக்கு எரிகிறதா என்று பார்க்கத்தான் தெரியும். ஊரில் பழக்கம் என்று யாரும் இல்லை. அந்த ஜோடியைப் பார்த்துக்கொள்ளும் பெரம்பலூர் இன்ஜினியர் போன் செய்யாத நாட்களில் என் குரலை நானே கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த நேரம். லப்பைக்குடிக்காட்டில் வாழ்க்கைப்பட்டு, பிரசவத்துக்கு அரியலூரிலிருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்த பெண் ஒருவர் கைக்குழந்தையோடு வந்தார். துபாயில் இருந்த கணவர் பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் அங்கே நண்பர் ஒருவருடைய கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தார். நண்பர் டியூட்டிக்குக் கிளம்பினால் அறையைப் பூட்டிவிடுவார். இங்கே ஒரு பக்கமும் திறக்கவில்லை.

போன் செய்தேன்.

"சார், லைட்டெல்லாம் எரியுதுங்க. நெட்டு வரல."

"நம்ம பெரம்பலூருக்குப் போவுதான்னு பாத்தீங்களாண்ணே?"

"அது போவுதுங்க."

"காலையிலதான் புது திருச்சி லைனை மாட்டுனேன். இங்க நல்லா ஓடுது. வழியெல்லாம் உங்களுக்கும் அனுப்பிட்டேனே."

எதை அடிக்கவேண்டும் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். திரையில் வழிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடுத்து யாரிடம் போகவேண்டும் என்ற எண் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே எண். படித்துச் சொன்னேன்.

முன்னறையிலிருந்து அந்தப் பெண், "அண்ணே, அவங்க கம்ப்யூட்டர விட்டு எந்திரிக்கிற நேரமாச்சுண்ணே" என்றார்.

போனில் சிரிப்பு கேட்டது. "அட, இது திருச்சிக்காரன் நம்பருண்ணே! அவனை எனக்குத் தெரியும். உங்க ரவுட்டர் அவனை எங்க கண்டுச்சு? அவன்கிட்ட போன்னா எப்படிப் போவும்? என்கிட்ட வா, நான் கொண்டுபோயி விடறேன்னுல்ல சொல்லணும். அந்த ஒரு வரியப் போடாம வுட்டுட்டேன். இருங்க."

விசைகளைத் தட்டும் சத்தம் போனில் கேட்டது. மறுபடி பார்க்கச் சொன்னார். இப்போது அந்த இடத்தில் பெரம்பலூரின் எண் இருந்தது.

முன்னறையில் ஒரு முகம் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்தது.

"மாஷா அல்லாஹ்! தூங்குறானா? கண்ணத் தொறக்கச் சொல்லு."

"உங்க புள்ளதான? எழுப்புனா சண்டைக்கு வருவான்."

நான் பின்னறைக்கு வந்துவிட்டேன். போனில் இன்ஜினியர் இன்னும் இருந்தார்.

"வேற ஒன்னுமில்லையேண்ணே?"

சாப்பிட்டாரா என்று கேட்க நினைத்தேன். "இல்லைங்க சார்" என்றேன். வைத்துவிட்டார்.

போகும்போது அந்தப் பெண் வாசலில் நின்றார். கண்களைத் துடைத்திருந்தார். "பேரு வைக்கிற அன்னைக்கு வூட்டுக்கு வரணும்ணே. கண்டிப்பா."

"சரிங்கம்மா."

எந்தத் தெரு என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்க வாய் வரவில்லை. படியிறங்கி இடது பக்கம் திரும்பினார். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்.