மூன்றாம் வகுப்பின் வருகைக் கொடி

இங்கு நான் எழுதுவது என் கண்ணெதிரே நிகழ்ந்தது. கற்பனை செய்து எழுதும் திறன் எனக்கில்லை. துணியை அளந்து வெட்டுவதே என் தொழில். அளவுக்கு மீறி ஓர் இழையும் சேர்க்கமாட்டேன்.

எங்கள் பங்குக் கோயிலை ஒட்டிக் கன்னியர் நடத்தும் தொடக்கப்பள்ளி ஒன்று உள்ளது. அதன் சீருடைகளை நானும் என் அண்ணனும் தைத்து வருகிறோம். அப்பள்ளிக்கென்று சில வழக்கங்கள் உண்டு. காலையில் பெயர் வாசிக்கப்பட்டதும் ஒவ்வொரு பிள்ளையும் "உள்ளேன் டீச்சர்" என்று கூறி முன்னே செல்ல வேண்டும்; ஆசிரியை அதன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைவார். மாதம் முழுவதும் எவரும் விடுப்பெடுக்காத வகுப்பின் கதவில் நீல வெல்வெட் கொடி ஒன்று தொங்கவிடப்படும்.

அக்கொடி ஆண்டுக்கணக்கில் மூன்றாம் வகுப்பை விட்டு அகன்றதில்லை. அவ்வகுப்பின் ஆசிரியைக்குப் பிள்ளைகளின் பெற்றோர் இட்ட பட்டப்பெயர் கொடி டீச்சர்.

"எல்லா வகுப்புக்கும் ஒண்ணொண்ணு தைச்சுக் குடுத்துடலாமாடா? அந்தம்மா கொஞ்சம் மூச்சு விடுவாங்க" என்று அண்ணன் நகைப்பதுண்டு.

என் மகள் அவ்வகுப்பில் பயின்றாள். மாதத்தின் இறுதி நாளுக்கு முந்திய மாலை அவளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மறுநாள் வரமாட்டாள் என்று பள்ளிக்குச் சொல்லி அனுப்பினோம். இருட்டும் வேளையில் கொடி டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். மகளின் நெற்றியைக் கட்டைவிரலால் தொட்டார். தொட்ட வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"லேசா கதகதன்னு இருக்கு, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு நாள் அனுப்பி வைங்க."

"அனலா கொதிக்குது டீச்சர். உங்க விரலே சொல்லலையா?" என்றாள் என் மனைவி.

"பேர் கூப்பிடும்போது வந்து நின்னா போதும். அப்புறம் கூட்டிட்டுப் போங்க. வரலைன்னா, புதுநன்மை வாங்குற வரிசையில இந்த வருஷம் இவ நிக்க முடியாது. அப்புறம் எங்கிட்ட வந்து அழாதீங்க."

மகள் போர்வைக்குள் விம்மினாள். முதன்முறையாக நற்கருணை பெறும் அந்தப் புதுநன்மை நாளுக்கான வெள்ளை உடையை நான் தைத்து முடித்துச் சுவரில் மாட்டியிருந்தேன். அதையே பார்த்துக்கொண்டு அழுதாள்.

ஆசிரியை தெருமுனையைக் கடந்ததும் நான் வாய்விட்டுச் சபித்தேன்.

"அந்த விரல் வெந்து போகட்டும்."

அச்சாபத்தை நான் இன்றுவரை திரும்பப் பெறவில்லை.

மறுநாள் காலை மழை இருட்டாக இருந்தது. மகளை அனுப்பவில்லை. கட்டம் போட்ட சீருடைத் துணியின் வெட்டுத்துண்டு ஒன்றை நனைத்து அவள் நெற்றியில் இட்டு, மனைவி அருகிலேயே அமர்ந்திருந்தாள். நான் மட்டும் பள்ளிக்குச் சென்றேன். கொடி டீச்சரை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என் நோக்கம்.

மணி ஒன்பது பத்து. தாழ்வாரத்தில் எவரும் இல்லை. மூன்றாம் வகுப்பின் கதவு சாத்தியிருந்தது. அதன்மேல் கொடி. காற்று பலமாக வீசியது. கொடி அசையவில்லை...

உள்ளே பெயர்கள் ஒலித்தன. என் மகளின் பெயரும் ஒலித்தது.

"உள்ளேன் டீச்சர்."

அது என் மகளின் குரல் இல்லை.

சன்னல் வழியே நோக்கினேன். என் மகளின் இடத்திலிருந்து ஒரு சிறுமி எழுந்து நடந்தாள். முதுகு மட்டுமே தெரிந்தது. அந்த இடத்துக்கு அருகில் அமர்ந்திருந்த மாணவி "சுடுது..." என்று முனகி விலகினாள்.

அச்சிறுமி அணிந்திருந்தது கட்டம் போட்ட சீருடையன்று. எப்போதோ கைவிடப்பட்ட கருநீலச் சீருடை. அதன் பின்புறம் கழுத்து முதல் கீழ் விளிம்பு வரை பிளந்திருந்தது. பொத்தான் இல்லை. வெள்ளை நூலால் அங்கங்கே போட்ட கைத்தையல். இப்படியும் ஒருவர் தைப்பாரா என்று அந்நேரத்திலும் என் தொழிற்புத்தி வியந்தது.

வெறுங்கால்கள். நடந்த வழியெங்கும் ஈரத்தடம்.

ஒவ்வொரு தடத்திலிருந்தும் ஆவி எழுந்தது...

ஆசிரியை நிமிரவில்லை. குனிந்தபடியே கட்டைவிரலை நீட்டினார்.

ஸ்ஸ்ஸ்...

ஈரத்துணியின் மீது இஸ்திரிப்பெட்டி படும் ஒலி.

அப்பொழுதுதான் நிமிர்ந்தார்.

"நீயா..."

சிறுமி மெல்லக் கையை உயர்த்தினாள்.

பட்.

நூல் அறும் ஒலி.

அவளுடைய கட்டைவிரல் ஆசிரியையின் நெற்றியில் பதிந்தது. மேலிருந்து கீழ். இடமிருந்து வலம்.

ஸ்ஸ்ஸ்...

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். சிறுமி இல்லை. பிள்ளைகளில் ஒருவரும் தலை தூக்கவில்லை. ஆசிரியை நாற்காலியில் விறைத்து அமர்ந்திருந்தார். கட்டைவிரல் கருகியிருந்தது. நெற்றியில் வெந்து சிவந்த ஒரு சிலுவை. சிறு விரலால் வரைந்த அளவு. உதடுகள் அசைந்தன.

"உள்ளேன் டீச்சர்..."

சிறுபிள்ளையின் குரல்.

அவர் காலடியில் வெள்ளை நூல் ஒன்று கிடந்தது. எடுத்துச் சட்டைப்பையில் இட்டேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. மகளின் பெஞ்சைத் தொட்டேன். உள்ளங்கை பொசுங்கியது. அதன்மேல் கட்டம் போட்ட ஈரத்துண்டு ஒன்று கிடந்தது... என் கத்தரி வெட்டிய துண்டு.

வீட்டுக்கு ஓடினேன். மகள் எழுந்து அமர்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது.

"நான் இங்கயேதாங்க இருந்தேன். நெத்தியில போட்ட துணி எங்க போச்சுன்னே தெரியல" என்றாள் மனைவி.

கொடி டீச்சரின் காய்ச்சலை எந்த மருத்துவராலும் தணிக்க இயலவில்லை. மூன்றாம் நாள் இறந்தார். அதுவரை அவர் வாயிலிருந்து வந்தவை அவ்விரு சொற்கள் மட்டுமே. நான் வருந்தவில்லை.

அடக்கத்தன்று மாலை, கடையில் அண்ணனிடம் அனைத்தையும் கூறினேன். பின்புறம் பிளந்த கருநீலச் சீருடை என்றதும் அவருடைய கத்தரிக்கோல் நின்றது.

"அப்படி யாருக்குத் தைப்பாங்கன்னு உனக்குத் தெரியாதாடா?"

"தெரியாதுண்ணே."

"விறைச்சுப் போன உடம்புக்கு. கை மடங்காதுல்ல... பின்னால பொளந்து விட்டாத்தான் மாட்ட முடியும்."

நான் வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் இங்கே நடந்ததை அண்ணன் சொன்னார். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. காய்ச்சலோடு அவளை அனுப்பச் சொன்னவர் இதே ஆசிரியை. நெற்றியில் சிலுவை வரைந்தபோது சூட்டை விரலால் உணர்ந்தும், இடத்தில் போய் அமரச் சொன்னாராம். அடுத்த மணி அடிப்பதற்குள் அவள் பெஞ்சிலேயே சாய்ந்து இறந்துவிட்டாள். அம்மாதமும் கொடி மூன்றாம் வகுப்புக்கே கிடைத்தது.

"பொட்டியில வைக்கிறதுக்கு அந்தச் சீருடைய நான்தான் தைச்சேன். மேல் தையல் ரொம்ப இறுக்கமா விழுந்துடுச்சு. கைய தூக்கினா அறுந்துடும்னு தெரியும். இனிமே அந்தப் புள்ள எங்க கைய தூக்கப் போகுதுன்னு... அப்படியே விட்டுட்டேன்."

சட்டைப்பையிலிருந்த வெள்ளை நூலை எடுத்து அவர் முன்னே வைத்தேன்.