சிவப்புப் பூவும் கருப்புக் கோனும்

போன தை மாதம், கல்யாண சீசன் சூடு பிடித்திருந்த நேரம். லிட்டில் இந்தியாவில் ஓர் அழகு நிலையத்தின் வாசலில் மேசை போட்டு மருதாணி போட்டுவிடுகிறேன். பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

என் இடது கையில் மகள் பெயரைக் கருப்பிலும், பக்கத்தில் ஒரு செம்பருத்தியைச் சிவப்பிலும் பச்சை குத்தியிருந்தேன். நாலு மாதம் ஒன்றுமில்லை. பிறகு பூ மட்டும் தடித்து, வீங்கி, அரிக்க ஆரம்பித்தது. மஞ்சள் அரைத்துப் போட்டேன், தைலம் தேய்த்தேன். எரிச்சலில் உயிர் போனது. இந்தக் கையைப் பார்த்தால் என்னிடம் யார் கை நீட்டுவார்கள்? அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டைதான்.

கடைசியில் எங்கள் பேட்டையான ஆங் மோ கியோவில் இருக்கும் அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்து தோல் மருத்துவரிடம் போனேன். சிவப்பு மை என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பல மாதம் கழித்தும் இப்படி வரும் என்றார். மருந்து கொடுத்து, அது என்ன மை என்று கேட்டு வரச் சொன்னார்.

நேரே பச்சை குத்தியவரிடம் போய் நின்றேன்.

"சப்ளையர் குடுக்கிறதுதான் அக்கா. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் லா?"

வந்ததே கோபம்! "தெரியாததை எப்படிய்யா அடுத்தவங்க உடம்புல குத்துறே?" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு, விறுவிறுவென்று என் மேசைக்கு வந்தேன்.

அங்கே ஒரு கல்யாணப் பெண் தன் அம்மாவோடு காத்திருந்தாள். "அக்கா, நாளை மறுநாள் கல்யாணம். ஒரு மணி நேரத்துல நல்லா கருப்பா புடிக்கணும்."

இலை மருதாணி அப்படிப் பிடிக்காது; அதற்கென்றே கடையில் வாங்கிய கருப்பு மருதாணிக் கோன் வைத்திருந்தோம். எடுத்து முனையை வெட்டினேன். கோபத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தேன் போல. அந்தப் பெண் என் வீங்கிய பூவைப் பார்த்தாள், கோனைப் பார்த்தாள்.

"இதுல என்ன போட்டிருக்கு அக்கா?"

"சப்ளையர்..." என்று ஆரம்பித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. கோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பூப்படம், 'ஒரிஜினல்' என்று ஒரு வார்த்தை, வேறு ஒன்றுமில்லை. அவமானமாக இருந்தது.

"தெரியலம்மா. தெரியாததை உன் கையில வைக்க மாட்டேன். இலை அரைச்சது போடறேன். இன்னிக்கு வெளிறித்தான் இருக்கும், கல்யாணத்தன்னிக்கு நல்லா செவக்கும்."

அவள் அம்மா உச்சுக்கொட்டிக்கொண்டு அவளை அடுத்த கடைக்கு இழுத்துப் போனார். அழகு நிலையத்துக்குள்ளேயிருந்து முதலாளியம்மா வந்தார். "சீசன் நேரத்துல உனக்கென்ன பைத்தியமா?"

"இனிமே இதை நான் போட மாட்டேன் அக்கா. வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் சரி."

கோனை அவர் கையில் வைத்தேன். அவரும் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணுக்கும் அந்தப் பூப்படத்தைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. பிறகு உள்ளே போய், மிச்சமிருந்த பெட்டியைத் தூக்கிவந்து குப்பைத்தொட்டியில் போட்டார்.

அந்தப் பெண் வேறெங்காவது கருப்பு போட்டுக்கொண்டாளா, கை என்னவாயிற்று, எனக்குத் தெரியாது. என் பூவின் தடிப்பு பாதி வடிந்திருக்கிறது. முழுக்கைச் சட்டையை விட்டுவிட்டேன். இன்றும் யாராவது கருப்பு கேட்டு வந்தால், மறைத்து வைத்திருந்த அந்தக் கையைத்தான் முதலில் நீட்டிக் காட்டுகிறேன்.