வேலிக்கு மேலால் எறிந்த ஈயம்

மடவளையில் எங்கட வயல் காட்டோரம். கதிர் முற்றினால் பன்றி இறங்கும். அதற்காகவே என் புருஷன், சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் பழைய ரைபிள் துவக்கு ஒன்று வாங்கி, லைசன் எடுத்து வைத்திருந்தார். ஈயம் உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டு வார்ப்பது என் வேலை. நான் வார்த்த குண்டில் பிசிறு இருக்காது.

ஈயம் தருவது பக்கத்து வளவுச் சிங்கள ஆள். தேயிலை ஸ்டோரில் வேலை. நாங்கள் முஸ்லிம்கள், பன்றி தின்பதில்லை. சுட்டதை அவர் இழுத்துப் போவார். மறுநாள், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தகடு ஒரு சுருள் எங்கள் வாசலில் கிடக்கும். யாரும் கேட்டதில்லை. அப்படி ஒரு பழக்கம்.

ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: "இவ ஊட்டுல பன்றி யாவாரமும் நடக்குது போல!" எல்லாரும் சிரித்தார்கள். நான் சோற்றைப் பாதியில் விட்டு எழும்பினேன். வந்ததும் வாசலில் கிடந்த சுருளை வேலிக்கு மேலால் எறிந்தேன்.

"ஈயமில்லாம எதப் போட்டுச் சுடுற? உன்ட நாக்கையா?" என்றார் புருஷன்.

"கொல்லன்ட்ட இரும்பு இல்லையா?"

கொல்லன் இரும்புக் கம்பியைக் குண்டளவுக்கு வெட்டி, அராவிக் கொடுத்தான். கொஞ்ச நாள் சரியாகத்தான் பட்டது. பிறகு குறி தவறத் தொடங்கியது. புருஷன் கொண்டுபோய்க் காட்ட, கட்டுகஸ்தோட்டையில் துவக்குத் திருத்துகிறவர் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாராம்.

"இஞ்ச பாருங்க, உள்ளுக்கு இருந்த சுருள் வரியெல்லாம் இரும்பு தின்னுட்டுது. ஈயம் மெது, குழலுக்கு இடம் குடுத்துப் போகும். இரும்பு குழலையே அராவும். வரி இல்லாட்டி குண்டு நேரா போகாது. இத நம்பிக் காட்டுக்குப் போகாதீங்க."

இரவு சாப்பிடும்போது புருஷன் இதைச் சொன்னார். "அவன் புதுத் துவக்கு விக்கப் பாக்குறான்" என்றேன் நான்.

மறுநாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வயலுக்குப் போனார். வெடிச்சத்தம் ஒன்றுதான் கேட்டது. குண்டு வரப்பில் புதைந்திருந்ததாம். பன்றி அவர் தொடையைக் கிழித்திருந்தது. தோளில் தூக்கி வந்தது அந்தச் சிங்கள ஆள்தான். மூன்றாம் நாள் கண்டி ஆஸ்பத்திரியில் மவுத்தானார்.

புருஷனை இழந்தவள் அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவில் நான் இருந்தேன். கதிர் வயலில் நின்றது. "துவக்கு இரவல் வாங்கீக்கிறேன், வயல நான் பாக்கிறேன்" என்று அந்த ஆள் வெளியே நின்று சொன்னார். வாசலில் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது.

அவர் போகும்வரை காத்திருந்து, கதவைக் கொஞ்சம் திறந்து, கை நீட்டி அந்த ஈயச் சுருளை எடுத்தேன். அடுப்பை மூட்டிக் குண்டு அச்சைத் தேடினேன்.