கரண்டு போன மதியங்கள்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நகரத்தில் எந்த உயரமான கட்டடத்தைக் காட்டினாலும், அதன் லிஃப்ட் எத்தனையாவது மாடியில் முனகும், எந்த மாடிக் கதவு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிடுவார். லிஃப்ட் குழிக்குள் இறங்கி இறங்கி நெஞ்சில் தூசி சேர்ந்தது. மீதி வேலையைச் சிகரெட் பார்த்துக்கொண்டது. ஐம்பத்தொன்பதாவது வயதில், இனி ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சக்கரம் வைத்த, முழங்கால் உயரப் பெட்டி அது. சுவரில் சொருகிவிட்டால் அறைக் காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்து மெல்லிய குழாய் வழியே மூக்குக்கு அனுப்பும். குழாய் படுக்கையறையிலிருந்து தெருப்பக்க ஜன்னல் வரை எட்டும். சமையலறை வாசல் வரை எட்டும். அதற்கு மேல் எட்டாது. இரண்டு அறைகள் கொண்ட அந்தக் கீழ் வீட்டில் அவர் தனியாக இருந்தார். மாடியில் ஒரு தையற்காரி குடியிருந்தாள். அவள்தான் இரண்டு வேளையும் சாப்பாடு செய்து கொண்டுவந்து வைப்பாள்.

மனைவி பிரிந்துபோய் ஆறு வருடம் ஆகியிருந்தது. அடிதடி இல்லை, வேறு ஆள் இல்லை, பஞ்சாயத்து என்று யாரும் வந்து உட்காரவும் இல்லை. பிள்ளைகளும் இல்லாததால் இழுத்துப் பிடிக்கவும் ஆள் இல்லை. அவரிடம் இருந்த ஒரே கெட்ட குணம் பேசாமல் இருப்பது. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் கத்தமாட்டார், வாயை மூடிக்கொள்வார். சாப்பிடுவார், வேலைக்குப் போவார், வருவார், தூங்குவார். வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பதே தெரியாதவர் மாதிரி நாட்கணக்கில் நடமாடுவார். குளிர்ப்பதனக் கிடங்கில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மனைவி, நாற்பத்தைந்து வயதில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு அங்கேயே டிரைவராகப் போகப்போவதாகச் சொன்னபோது, "இந்த வயசுல இது எதுக்கு?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அதோடு சரி. எழுபத்தொரு நாள் பேசவில்லை. எழுபத்திரண்டாம் நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் இரண்டு பைகளோடு வெளியே போனாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு வாரத்தில் வந்துவிடுவாள் என்று நினைத்தார்.

அந்த வருடக் கோடையில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள், சொல்லிவைத்தாற்போல் மதியத்தில் கரண்டு போகும். வர இரண்டு மணி நேரம் ஆகும், சில நாள் நான்கும் ஆகும். அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டர் இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். ஒருநாள் சிலிண்டரும் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. தையற்காரி இறங்கி வந்து பார்த்தபோது அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் இவரிடம் எதுவும் கேட்கவில்லை. டிரைவர் சீருடையைப் பிடித்துத் தைக்க, இவர் கண்ணில் படாமல் அவ்வப்போது அவளிடம் வந்துகொண்டிருந்த மனைவியின் நம்பர் அவள் கையில் இருந்தது. மாடிப்படியில் நின்றபடியே கூப்பிட்டாள்.

இருபது நிமிடத்தில் வெள்ளை லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. பேட்டரியில் ஓடும் வண்டி. சத்தமே இல்லாததால் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. மீன், காய், ஐஸ்கிரீம் என்று உறைந்த சரக்குகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகிற வண்டி. பின்னாலிருக்கும் பெட்டியைக் குளிர வைப்பதும் அதே பேட்டரிதான். சார்ஜ் ஏற்றுகிற வாயில் ஒரு இணைப்பை மாட்டினால், உள்ளே போன கரண்டு அதே வழியாக வெளியே வரும். ஒரு வீட்டை நாள் முழுக்க ஓட்டினாலும் அதற்கு ஒரு மூலைதான் குறையும்.

ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை மட்டும் நீண்டது. கையில் நீளமான ஒயரின் முனை. ஆறு வருடத்துக்குப் பிறகு மனைவியிடம் அவர் முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். கறுத்திருந்தது. கட்டைவிரல் பக்கம் ஒரு புதுத் தழும்பு.

"இதைப் பிடிங்க" என்றாள்.

அவர் பிடித்துக்கொண்டார். என்னென்னவோ சொல்ல வாயெடுத்தார். கடைசியில் வெளியே வந்தது முப்பத்தொரு வருடத் தொழில்தான்.

"எர்த் இருக்கா?"

"இருக்கு" என்றாள் அவள்.

மெஷின் ஒருமுறை கூவிவிட்டு ஓட ஆரம்பித்தது. அவள் உள்ளே வரவில்லை. லாரியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங் மேல் டப்பாவை வைத்துச் சாப்பிட்டாள். கரண்டு வந்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவளுடைய வேலை விடியுமுன் ஆரம்பித்து மதியத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும். டெப்போ மேலாளர், காலையில் வண்டி முக்கால்வாசி சார்ஜோடு இருந்தால் போதும், நடுவில் எங்கே நின்றது என்று கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கரண்டு போகும், தையற்காரி கூப்பிடுவாள், லாரி வரும். மூன்றாவது வாரம், ஜன்னல் வழியே ஒயர் விடுவது ஆபத்து என்று சொல்லி, லிஃப்ட்காரர் தானே ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்சை வாங்கி வரச்செய்து, ஜன்னலை ஒட்டிய வாசல் நிலைக்குப் பக்கத்தில் பொருத்தினார். மேலே தள்ளினால் தெருக் கரண்டு, கீழே தள்ளினால் லாரிக் கரண்டு, நடுவில் நின்றால் எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு திருகுக்கு ஒருமுறை மூச்சு வாங்கி, இரண்டு நாளில் முடித்தார். பழைய ஆளாக இருந்தால் அரைமணி நேர வேலை. மாடிக்கும் லாரிக் கரண்டில் தனியாக ஒரு இணைப்பு கொடுத்தார். தெருவே இருட்டிக் கிடக்கும்போது தையற்காரியின் மெஷின் மட்டும் கடகடவென்று ஓடியது. அவளிடம் துணி கொடுத்தால் சொன்ன நாளில் கிடைக்கும் என்று பேரும் வாங்கிவிட்டாள்.

வேலை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க மனைவி வாசலுக்கு வந்தாள். மறுதடவை படியில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த தடவை வெயில் பொறுக்காமல் உள்ளே வந்தாள். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தவள், உப்பு டப்பாவைக் கையில் எடுத்துத் தட்டி, "கல்லாப் போயிருக்கு" என்று சொல்லிக் குப்பையில் கொட்டினாள். இரண்டு டீ போட்டாள். அவர் சமையலறை வாசலில் நின்று வாங்கிக்கொண்டார்.

அவள் பேசினாள், அவர் கேட்டார். பின்பக்கமாக வண்டி எடுப்பதென்றால் முதல் வருடம் முழுக்க ஒரு ஆள் பின்னால் நின்று கை காட்ட வேண்டியிருந்ததாம். கிடங்கு வாட்ச்மேன் அவளைப் பைலட் என்று கூப்பிடுகிறானாம். ஒரு மேம்பாலத்தின் உச்சியில், சூரியன் வருகிற நேரத்தில், ஊர் மொத்தமும் தட்டில் வைத்தாற்போல் தெரியுமாம். அந்த மேம்பாலத்தை ஒட்டிய கட்டடத்தில் ஒன்பது வருடம் லிஃப்ட் பார்த்தவர் அவர். சூரியன் அங்கே எந்தப் பக்கம் வரும் என்று அவருக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்து தெரிந்துகொள்ளாத பலதை, அவளைப் பற்றி அந்தக் கோடையில் தெரிந்துகொண்டார். ஒன்றை மட்டும் அவரால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. முன்பெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை 'என்னங்க' என்பாள். இப்போது 'இருக்கீங்களா', 'சாப்பிட்டீங்களா' என்று மரியாதையெல்லாம் இருந்தது. அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லை.

மின்வாரியத்துக்கு முன்பு நாளுக்கு இரண்டு புகார் கொடுத்துக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டார். ஒருநாள் அங்கிருந்து ஒரு இளைஞன் வந்து, பெரியவருக்கு ரொம்பக் கஷ்டம் கொடுத்துவிட்டோம், சீக்கிரம் சரிசெய்துவிடுவோம் என்றான். அவசரமே இல்லை தம்பி, நிதானமாகச் செய்யுங்கள் என்று அனுப்பிவைத்தார். படியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தையற்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே ஓடினாள்.

ஆனால் அந்த இளைஞன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மழை தொடங்குவதற்கு முன் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு விளக்கு ஒருமுறை கூடக் கண் சிமிட்டவில்லை.

முதல் வாரம் அவர் நிம்மதியாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டார். இரண்டாவது வாரம் மதியத் தூக்கம் போயிற்று. சாப்பிட்டுவிட்டு ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அது நிற்காமல் சுற்றியது. பத்தொன்பதாம் நாள் மதியம் எழுந்து, சிலிண்டரைத் திறந்து அதன் குழாயை மாட்டிக்கொண்டு, சேஞ்ச் ஓவர் சுவிட்சை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு மனைவிக்கு ஃபோன் செய்தார். தையற்காரியைக் கொண்டு செய்யாமல் அவரே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கரண்டு போயிடுச்சு" என்றார்.

அவள் இன்னும் நான்கு கடைகளுக்குச் சரக்கு இறக்க வேண்டியிருந்தது. அப்படியே வைத்துக்கொண்டு வந்தாள். வண்டியை விட்டு இறங்கும்போதே மாடியில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டில் டிவி பாடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தவள் அவரைப் பார்க்கவில்லை. சுவிட்சைப் பார்த்தாள், பிறகு குனிந்து சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா இதுல இருக்கீங்க?"

"முக்கால் மணி நேரம்."

சுவிட்சை மேலே தள்ளினாள். மெஷின் ஓடியது. குழாயை மாற்றி மாட்டிவிட்டாள். பொய் சொன்னதற்காக அவள் கோபப்படவில்லை. சிலிண்டரோடு விளையாடியதற்காகத்தான் கோபப்பட்டாள். வழியில் டயர் பஞ்சராகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வழக்கமான மௌனம் இறங்கப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வரணும்னு தோணினா வான்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வந்திருப்பியா?"

"அன்னைக்கு ரெண்டு பையோட வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட உள்ள வந்திருப்பேன்."

அவள் நின்றது அவருக்குத் தெரியாது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்? தலையைத் தூக்கி, "இப்ப சொல்றேன். வந்து இங்கயே இருந்துடு" என்றார்.

அவள் பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அது முடியாதுங்க. என் ரூம்ல காலைல எந்திரிச்சா யார் முகம் எப்படி இருக்குன்னு பார்க்கத் தேவையில்ல. அது எனக்குப் பழகிடுச்சு. அதை விட்டுட்டு வர மாட்டேன். ஆனா புதன்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கு வரேன்."

புதன்கிழமைகளில் லாரி இல்லாமல் பஸ்ஸில் வந்தாள். மற்ற ஆறு நாளும் அவருக்குப் புதனுக்கு முந்தியும் பிந்தியும் கிடக்கிற நாட்களாகவே இருந்தன. அவள் இரவு எட்டு மணிக்குக் கிளம்பிப் போனதும், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் நகர்த்தாமல் அப்படியே விட்டுவைப்பார். தையற்காரி கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுவாள்.

ஏழு மாதம் கழித்து டெப்போவில் மலைக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கு ஒரு நீண்ட ரூட் ஆரம்பித்தார்கள். போய்த் திரும்ப ஐந்து நாள். அவளைக் கேட்டார்கள். அவளுக்குப் போக ஆசை. சொல்லும்போதே முகம் தெரிந்தது. ஆனால் இங்கே கரண்டு போகுமோ என்ற நினைப்போடு என்னால் அங்கே நிம்மதியாக ஓட்ட முடியாது, வீட்டுக்கு ஒரு பேட்டரியை வைத்துக்கொள்ளுங்கள், தானாகவே மாறிக்கொள்ளும், பாதிப் பணம் நான் போடுகிறேன் என்றாள். அவர் எதுவும் சொல்லவில்லை. பேட்டரி வந்துவிட்டால் இந்த வீட்டுக்கு அவள் தேவையில்லை என்றாகிவிடும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அன்று போனவளிடம் 'போய் வா' என்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலையில் அவர் ஃபோனை எடுத்தார்.

"பேட்டரிக்காரனை வரச்சொல்லு. நீ மலைக்குப் போயிட்டு வா."

 மறுமுனையில் அவள், "இந்தத் தடவை ரெண்டே நாள்தானா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறி, அடங்க வெகுநேரம் ஆனது.

சாம்பல் நிறப் பெட்டியைச் சுவரில் மாட்டினார்கள். ஆணி சரியாக இறங்கவில்லை என்று வந்த ஆளை மூன்று முறை கழற்றி மாட்ட வைத்தார். அவள் கிளம்புகிற அன்று வாசலில் வண்டியை நிறுத்தி, மெயினை அணைத்துப் பார்த்தாள். ஃபேன் சுற்று மாறாமல் ஓடியது. மெஷின் கூவக்கூட இல்லை. இருவரும் அந்த ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். நல்ல சாமான் என்று அவர் சொன்னார்.

இப்போது அவள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறாள். சில நேரம் மூன்று வாரமும் ஆகிவிடுகிறது. அவர் ரேடியோவில் மலைப்பக்கத்து வானிலையைத் தவறாமல் கேட்கிறார். அங்கே மண் சரிந்திருக்கிறது, இங்கே மூடுபனி என்று தையற்காரியிடம் சொல்வார். அவளுக்குப் புரிகிறதோ இல்லையோ, தலையாட்டுவாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் ஃபோன் வந்தது. மலை உச்சியில் சார்ஜ் போட்டுக்கொண்டு நிற்கிறாளாம். கீழே முழுக்க மேகம். மூன்று ஊர்களின் விளக்கு மட்டும் அதற்குள்ளிருந்து தெரிகிறதாம். எப்படித் தெரிகிறது என்று அவர் கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். காற்றுச் சத்தம் அதிகமாகி, பாதி வார்த்தைதான் வந்தது. "என்னங்க, கேக்குதா?" என்று இரண்டு முறை கேட்டாள். கேட்கிறது, சொல்லு என்றார். லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிடுவாள் என்று ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். மேலே தையற்காரி அன்றைய வேலையை முடித்து, கத்தரிக்கோலை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.