மருந்துக்கு முதல் ஐஸ்

உப்பளத்தில் கூலி வேலை செய்த எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்து டாக்டரும் ஆனேன். அந்த நாட்களில் ஸ்டெதாஸ்கோப்பைப் பைக்குள் வைக்க எனக்கு மனம் வராது. பஸ்ஸிலும் அது கழுத்தில்தான் கிடக்கும்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில், எங்களைப் போன்ற இளம் டாக்டர்களுக்குச் சர்க்கரை வியாதியிலும் உடல் பருமனிலும் சில வாரப் பயிற்சி கொடுத்தார்கள். மதுரையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்து நடத்தினார். காலையில் நோயாளிகளின் சிறுநீரை நீல மருந்தோடு சோதனைக் குழாயில் காய்ச்சுவோம். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். அப்புறம் எடை பார்ப்பது. பஜார் கடைக்காரர்கள் செருப்பைக் கழற்றி, சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு மெஷினில் ஏறுவார்கள்.

எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயாளி முழுப் பொறுப்பு. எனக்கு வாய்த்தவர் திரேஸ்புரத்து மீன்கார அம்மாள். வெறுங்காலில் சிப்பி ஓடு குத்தியதுகூடத் தெரியாமல் நடந்து, வலது கால் பெருவிரல் புண்ணாகியிருந்தது. சர்க்கரை இறங்கினால்தான் புண் ஆறும். பயிற்சி முடிவதற்குள் ஆறத் தொடங்காவிட்டால் விரலை எடுத்துவிடலாம் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். தலையில் கூடையோடு தெருத்தெருவாக நடந்து பிழைக்கிறவர் அவர்.

இன்சுலின் ஊசி போட அவருடைய வீட்டுக்காரர் எங்களிடம்தான் கற்றுக்கொண்டார். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் காய்ச்சி, எலுமிச்சம்பழத்தில் குத்திப் பழகினார். எலுமிச்சம்பழம் கத்தாது, நான் கத்துவேன் என்று அந்த அம்மாள் பக்கத்திலிருந்து எச்சரித்துக்கொண்டிருந்தார்.

ஊசி ஒரு நாளும் தவறவில்லை. ஆனாலும் குழாயில் ஒவ்வொரு தடவையும் செங்கல் நிறமே வந்தது. திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாள், விசாரி என்றார் பெரிய டாக்டர். விசாரித்தேன்.

"மாதா மேல ஆணை, தாயி. சீனியும் தொடல, கருப்பட்டியும் தொடல. கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட பந்தியப் பாக்காம வந்திருதேன்."

எனக்கு அது பொய்யாகப் படவில்லை. நோயாளியின் வீட்டுக்குப் போவது பயிற்சியில் கிடையாது. ஒரு மத்தியானம் நானாகவே போனேன்.

இன்சுலினை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. கொல்லைக்குக் கூட்டிப்போய் மீன் வைக்கும் மரப்பெட்டியைத் திறந்தார்.

"குளிர்ச்சியா வைக்கணும்னு சொன்னீயள்ல. ஐஸ் வந்ததும் முதல் ஐஸ் மருந்துக்குத்தான். பொறவுதான் மீனுக்கு."

நொறுக்கிய ஐஸின்மேல் கல்லுப்பு தூவியிருந்தது. உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் கடுமையாகும். அது உப்பளத்துப் பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புட்டியைத் தோண்டி எடுத்துத் தந்தார். உள்ளே மருந்து கல்லாக உறைந்திருந்தது. ஊசி போடுமுன் வெயிலில் வைத்து இளக்கிக்கொள்வாராம்.

உறைந்த இன்சுலின் வீண். குளிர்ச்சி வேண்டும், உறையக் கூடாது என்பது எங்கள் பாடத்தில் இருந்தது. முதல் பாதியை மட்டும்தான் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? தன் மீனுக்கும் முன்னால் அந்தப் புட்டியைக் காத்த மனிதர். சொல்லாமல் விட்டால் விரல் போய்விடும். புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னேன்.

அவர் பெட்டியை மூடி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இத்தன நாளும் அவளுக்கு வெறும் தண்ணியவா குத்திருக்கேன்?"

"உங்க மேல தப்பில்ல, அண்ணாச்சி. நாங்க பாதிதான் சொல்லியிருக்கோம்" என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"குத்து வாங்குனவ நான். நீரு எதுக்கு அழுதீரு? எந்திரிச்சி, புள்ளைக்குக் காப்பித் தண்ணி போடும்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் புதுப் புட்டி வாங்கிக் கொடுத்தேன். மண்பானையில் ஈர மணல் நிரப்பி, சின்ன டப்பாவில் புட்டியைப் போட்டு, அதை மணலுக்குள் நிழலில் வைக்கச் சொன்னேன். விஷயத்தைக் கேட்ட பெரிய டாக்டர், அன்று வந்திருந்த எல்லோரிடமும் புட்டியை எங்கே வைக்கிறார்கள் என்று தாமே கேட்கத் தொடங்கினார்.

பயிற்சியின் கடைசி வாரம் இருவரும் வந்தார்கள். குழாயை நான் விளக்குச் சுடரில் காட்ட, வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நீலம் கலங்கிப் பச்சையானது. அதற்கு மேல் மாறவில்லை. சர்ஜன் கட்டைப் பிரித்துப் புண்ணின் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். இளஞ்சிவப்பாகப் புதுச் சதை வந்திருந்தது. விரல் இருக்கட்டும் என்றார்.

"அந்தப் பானைய வந்து பாரு, தாயி" என்றார் அந்த அம்மாள் என்னிடம். "மணலு காயக் கூடாதாம், பொழுதன்னைக்கும் தண்ணி தெளிக்காரு. நான் குடிக்கக் கேட்டாத்தான் குடத்துல இல்லங்காரு."

மூவரும் வாசலுக்கு வந்தோம். வீட்டுக்காரர் கக்கத்தில் காகிதம் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிப் படி வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, பொட்டலத்தைப் பிரித்து, புதுச் செருப்பு இரண்டையும் அந்த அம்மாளின் காலடியில் வைத்தார்.